சளி காய்ச்சலோடு பறக்கும் விமானிகள்: சிக் லீவ் போடுவது சுயநலமா?

வலது_இருக்கை (கேள்வி):

வணக்கம். உள்நாட்டு விமான நிறுவனம் ஒன்றில் ஃபர்ஸ்ட் ஆபீசராக, அதாவது துணை விமானியாக இருக்கிறேன், சென்னை பேஸ், ஏர்பஸ் ஏ320 விமானம். கம்பெனி பெயரைச் சொல்ல விரும்பவில்லை, அது முக்கியமும் இல்லை. வேறு கம்பெனிகளில் இருக்கும் நண்பர்களும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள்.

விஷயம் இதுதான். சமீபத்தில் நல்ல சளி பிடித்திருந்தது, மூக்கு முழுக்க அடைப்பு, ராத்திரி லேசாகக் காய்ச்சல். மறுநாள் அதிகாலை ரிப்போர்ட்டிங், நான்கு செக்டர், அதாவது ஒரே நாளில் நான்கு தடவை ஏறி இறங்க வேண்டும். க்ரூ ஷெட்யூலிங்குக்குப் போன் பண்ணி சிக் என்று சொல்லிவிட்டேன். சாயந்திரமே பேஸில் இருக்கும் ஒரு சீனியர் கூப்பிட்டு, "சளிக்கெல்லாமா சிக் போடுவது, உன் பெயர் லிஸ்டில் அடிக்கடி வருகிறதே" என்றார். மிரட்டவில்லை, அக்கறையான குரலில்தான் சொன்னார், அதுதான் இன்னும் சங்கடம். எனக்குப் பதிலாகப் போனது என் பேட்ச் நண்பன். அவன் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் வாட்ஸ்அப் குரூப்பில் இன்னொருவர், "சிலர் வீட்டில் படுத்திருக்க, சிலர் சேர்த்து உழைக்கிறோம்" என்று பொதுவாகப் போட்டிருந்தார். யாரைச் சொன்னார் என்று எல்லோருக்கும் தெரியும்.

இன்னொரு பக்கம், என்னோடு பறக்கிறவர்களில் சிலர் காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு டியூட்டிக்கு வருகிறார்கள். குறைந்தபட்ச மணி நேரத்துக்கு மேல் பறந்தால்தான் கையில் காசு, பயிற்சிக்கு வாங்கிய கடன் எழுபது எண்பது லட்சம் நிற்கிறது, வீட்டில் எல்லோரும் அந்தச் சம்பளத்தை நம்பி இருக்கிறார்கள். அவர்களைத் தப்பு சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. நாமெல்லாம் பள்ளியில் நூறு சதவீத வருகைக்குப் பரிசு வாங்கி வளர்ந்தவர்கள். உடம்பு முடியாவிட்டாலும் போய் நிற்கிறவன்தான் பொறுப்பானவன் என்று சின்ன வயதிலேயே மண்டையில் ஏறிவிட்டது.

என் கேள்வி சட்டம் பற்றியது இல்லை, சட்டம் எனக்குத் தெரியும். நான் லீவு போட்டால் என் பாரம் இன்னொருவர் தலையில் விழுகிறது, ஒருவேளை அவருக்கும் களைப்பாக இருக்கலாம். அப்படியிருக்க, சாதாரண சளிக்கு சிக் போடுவது நியாயமா? எந்த இடத்தில் கோடு போடுவது? அனுபவம் உள்ளவர்கள் மனசு விட்டுச் சொல்லுங்கள்.


பழைய_கேப்டன்:

தம்பி, முதலில் அந்த "சாதாரண சளி" என்கிற சொல்லைத் தூக்கிப் போடுங்கள். ஆபீஸில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்கு அது சாதாரணம். நமக்கு இல்லை. ஏன் என்று மருத்துவம் தெரிந்தவர்கள் சொல்வார்கள், நான் வேறொன்று சொல்கிறேன்.

2009 பிப்ரவரி 12 அன்று ராத்திரி அமெரிக்காவில் நியூவார்க்கிலிருந்து பஃபலோ போன கோல்கன் ஏர் 3407 விமானம் இறங்கும் நேரத்தில் ஸ்டால் ஆகி, அதாவது இறக்கைகள் தாங்கும் விசையை இழந்து, ஒரு வீட்டின் மேல் விழுந்தது. உள்ளே இருந்த 49 பேர், வீட்டில் ஒருவர், மொத்தம் 50 பேர் போய்விட்டார்கள். அந்த விமானத்தின் துணை விமானி சியாட்டிலில் இருந்து ராத்திரி முழுக்க வேறு விமானங்களில் ஓரமாக உட்கார்ந்து பயணம் பண்ணி டியூட்டிக்கு வந்தவர். உடம்பு சரியில்லை. காக்பிட் ஒலிப்பதிவில் அவர் பேசியது இருக்கிறது: இப்போது சிக் என்று சொன்னால் குணமாகும் வரை என் கைக்காசில் ஹோட்டல் எடுத்துத் தங்க வேண்டும் என்கிற மாதிரி. அவர் சம்பளம் எவ்வளவு குறைவு என்பது பிறகு நடந்த விசாரணையில் வெளியே வந்து நாடே பேசியது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். சளிதான் விபத்துக்குக் காரணம் என்று விசாரணை அறிக்கை சொல்லவில்லை. ஸ்டால் எச்சரிக்கை வந்தபோது கேப்டன் கன்ட்ரோலை முன்னே தள்ளாமல் பின்னே இழுத்ததுதான் முதன்மைக் காரணம். இரண்டு பேருக்கும் களைப்பு இருந்தது, அது அவர்கள் செயல்பாட்டைப் பாதித்திருக்கும், எவ்வளவு என்று அளந்து சொல்ல முடியாது என்றுதான் எழுதினார்கள். ஆனால் ஒரு விமானி டியூட்டிக்கு வரலாமா வேண்டாமா என்கிற முடிவை ஹோட்டல் வாடகைக் கணக்கு எடுத்தது என்பது அந்த ஒலிப்பதிவில் இருக்கிறது. இறந்தவர்களின் குடும்பங்கள் வருடக்கணக்கில் வாஷிங்டனுக்கு அலைந்து போராடியதால்தான் அங்கே ஓய்வு விதிகளே மாறின. 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதிப்படி டியூட்டிக்கு முன் 10 மணி நேர ஓய்வு, அதில் 8 மணி நேரம் தூங்க வாய்ப்பு இருந்தாக வேண்டும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நண்பன் தலையில் பாரம் விழுகிறதே என்று கேட்கிறீர்கள். அந்தப் பாரத்தை அவன் தலையில் வைத்தது நீங்கள் இல்லை. மாற்றாகத் தயாராக இருக்கும் ஸ்டேண்ட்பை ஆட்களைப் போதுமான அளவு வைக்காதவர் வைத்தது. உங்களுக்கு உடம்பு சரியில்லை என்பதும் அவன் களைத்திருக்கிறான் என்பதும் இரண்டு தனித்தனி விஷயம். அவன் களைப்பாக இருந்தால் அவனும் முடியாது என்று சொல்ல வேண்டும். இரண்டு பேருமே முடியாதவர்களாக இருந்தால் அந்த விமானம் கிளம்பக் கூடாது, அவ்வளவுதான். ஒரு ஃப்ளைட் கேன்சல் ஆவது பெரிய அநியாயம் மாதிரி நமக்குப் பழக்கப்படுத்தி வைத்திருக்கிறார்கள்.


காது_மூக்கு_தொண்டை:

இஎன்டி மருத்துவர், விமானப் பணியாளர்களை அவ்வப்போது பார்க்கிறேன். கேப்டன் சார் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன், கொஞ்சம் நீளமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடுக்காதுக்கும் மூக்கின் பின்பக்கத்துக்கும் நடுவே ஒரு சிறு குழாய் இருக்கிறது, யூஸ்டேஷியன் குழாய். விமானம் ஏறும்போது கேபினுக்குள் காற்றழுத்தம் குறையும், அதிகபட்சம் எட்டாயிரம் அடி மலை மேல் நிற்கிற அளவுக்கு. அப்போது காதுக்குள் இருக்கும் காற்று விரிந்து அந்தக் குழாய் வழியாகத் தானாகவே வெளியேறிவிடும், சளி இருந்தாலும் பெரும்பாலும் போய்விடும். இறங்கும்போதுதான் வம்பு. வெளியே அழுத்தம் கூடக் கூட, காற்று உள்ளே போக வேண்டும், அதற்குக் குழாய் திறக்க வேண்டும், சளியால் வீங்கிய குழாய் திறக்காது. செவிப்பறை உள்பக்கமாக இழுபடும். வலி, காது கேட்காமல் போவது, சில நேரம் ரத்தம் கட்டுவது, செவிப்பறை கிழிவது வரை போகலாம். சைனஸ் அடைத்திருந்தால் நெற்றியில் கத்தியால் குத்துகிற மாதிரி வலிக்கும். ஒரு காது திறந்து இன்னொரு காது திறக்காவிட்டால் திடீர்த் தலைசுற்றல் வரும், இதை விமானிகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

இப்போது யோசித்துப் பாருங்கள். காலையில் கிளம்பும்போது, "பரவாயில்லை, சமாளிக்கலாம்" என்று தோன்றும், ஏறும்போதும் ஒன்றும் தெரியாது. பிரச்சினை வருவது இறங்கும்போது, அதாவது உங்கள் வேலையிலேயே அதிக கவனம் வேண்டிய நேரத்தில், ரேடியோவில் சொல்வதைச் சரியாகக் கேட்டாக வேண்டிய நேரத்தில். அப்போது "எனக்கு முடியவில்லை, திரும்பிப் போகலாம்" என்று சொல்லவும் முடியாது, எப்படியும் இறங்கித்தான் ஆக வேண்டும். அதனால் வீட்டில் உட்கார்ந்து உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்து முடிவெடுப்பது ஏமாற்றும். நான் கேட்கச் சொல்வது ஒன்றுதான்: மூக்கைப் பொத்தி, வாயை மூடி, மெதுவாக ஊதினால் இரண்டு காதும் சுலபமாகத் திறக்கிறதா? இல்லையென்றால் பறக்கக் கூடாது. நான்கு செக்டர் என்றால் ஒரே நாளில் நான்கு தடவை அந்தக் காதை அழுத்தத்தில் ஏற்றி இறக்குகிறீர்கள்.

அடுத்தது மாத்திரை. நம் ஊரில் சளி என்றால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வதுதான் பழக்கம். அந்தக் கலவை மாத்திரைகள் பலவற்றில் குளோர்ஃபெனிரமைன் இருக்கிறது, தூக்கம் வரவைக்கும். தூக்கம் வரவில்லை என்று நீங்கள் நினைத்தாலும் சுதாரிப்பு குறைந்திருக்கும், அதை உங்களாலேயே உணர முடியாது. இதே வகைப் பழைய மருந்தான டைஃபென்ஹைட்ரமைன் சாப்பிட்டால் 60 மணி நேரம் பறக்கக் கூடாது என்று அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ சொல்கிறது. இரண்டரை நாள். ராத்திரி போட்டுக்கொண்டு காலையில் போகலாம் என்கிற கணக்கு எவ்வளவு தப்பு என்று இதிலிருந்து தெரியும். இருமல் சிரப், ஹோமியோபதி சொட்டு மருந்து, மவுத்வாஷ் இவற்றில் ஆல்கஹால் இருக்கலாம், டியூட்டிக்கு முன் ஊதும் கருவியில் காட்டிவிடும். 2023 இறுதியில் நம் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பான டிஜிசிஏ திருத்திய விதியிலேயே, ஆல்கஹால் உள்ள மவுத்வாஷ், பல் ஜெல் போன்றவை கூடாது, அப்படி மருந்து எடுக்கிறவர் கம்பெனி டாக்டரைக் கேட்காமல் பறக்கக் கூடாது என்று இருக்கிறது. முதல் தடவை மாட்டினாலே மூன்று மாதம் லைசென்ஸ் சஸ்பெண்ட். சளிக்கு ஒரு நாள் லீவு போட யோசிக்கிறவர் இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

காய்ச்சல் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. பாராசிட்டமால் காய்ச்சலை இறக்கும், நோயை இறக்காது.


ரோஸ்டர்_மேசை:

நான் அந்தப் போனின் மறுமுனையில் உட்கார்ந்திருக்கிற ஆள், வேறு கம்பெனியாக இருக்கலாம். எங்கள் பக்கமும் யாராவது சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

அதிகாலை மூன்று மணிக்கு ஒரு சிக் கால் வந்தால் என்ன நடக்கும் என்று வெளியில் தெரியாது. ஸ்டேண்ட்பையில் இருப்பவரை எழுப்ப வேண்டும், அவர் அந்த விமான வகைக்குத் தகுதியானவரா, டியூட்டி நேர வரம்புக்குள் வருகிறாரா, முந்தைய வாரம் எத்தனை ராத்திரி டியூட்டி பார்த்தார், வீட்டிலிருந்து ஏர்போர்ட் வர எவ்வளவு நேரம், எல்லாம் பார்த்து முடிப்பதற்குள் பயணிகள் போர்டிங் கேட்டில் நிற்பார்கள். ஒருவர் விழுந்தால் சமாளிக்கலாம், ஒரே காலையில் ஐந்து பேர் என்றால் அன்றைய நாள் முழுக்கச் சங்கிலி மாதிரி இழுத்துக்கொண்டு போகும்.

தீபாவளிக்கு முந்தின நாள், பொங்கலுக்கு முந்தின நாள், ஐபிஎல் இறுதிப் போட்டி அன்று சிக் கால் கூடும். இதையும் சொல்லாமல் இருக்க முடியாது. அத்தனை பேருக்கும் அதே நாளில் உடம்பு சரியில்லாமல் போகாது. அதனால்தான் நிர்வாகம் எல்லோரையும் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பிக்கிறது, உண்மையிலேயே காது அடைத்தவனும் விளக்கம் சொல்ல வேண்டியதாகிவிடுகிறது. அதற்குக் காரணம் அந்தப் பண்டிகைக் கும்பல்தான், இதில் எனக்குக் கோபம் உண்டு.

ஆனால் கேப்டன் சொன்ன ஸ்டேண்ட்பை விஷயத்தில் அவர் பக்கம்தான் நான். ஆட்களை எவ்வளவு இறுக்கிப் பிடிக்க முடியுமோ அவ்வளவு இறுக்கி ரோஸ்டர் (டியூட்டி அட்டவணை) போட்டால், ஒரு சாதாரண மழைக்காலக் காய்ச்சல் சீசன் கூட நெருக்கடி ஆகிவிடும். டிஜிசிஏ 2024 ஜனவரியில் புது டியூட்டி விதியைக் கொண்டுவந்தது, வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி, ராத்திரி லேண்டிங் ஆறிலிருந்து இரண்டு. அது 2025 ஜூலையிலும் நவம்பரிலுமாக இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தது. தயாராவதற்கு அவ்வளவு கால அவகாசம் இருந்தும் டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோவில் ஆயிரக்கணக்கான ஃப்ளைட் ரத்தானது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்தக் குழப்பத்தின் நடுவே, டிசம்பர் 5 அன்று, டிஜிசிஏ ஒரு வரியைத் திரும்பப் பெற்றது. வார ஓய்வுக்குப் பதிலாக எந்த லீவையும் கணக்கு வைக்கக் கூடாது என்கிற வரி. ஒருவர் லீவில் இருந்த நாட்களையே அவருடைய வார ஓய்வாகக் கணக்குக் காட்டிவிட்டு அடுத்த டியூட்டியைப் போடுவதற்கு இது வழிவிடுகிறது. அப்போது எல்லோரும் ஏர்போர்ட்டில் குவிந்து கிடந்த பெட்டிகளைப் பற்றிப் பேசினார்கள், இந்த ஒரு வரியைப் பற்றிப் பேசினவர்கள் குறைவு. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் பட்டது. காய்ச்சலில் படுத்திருப்பது எந்தக் கணக்கில் ஓய்வு? அது ஓய்வே இல்லை.

தம்பிக்கு ஒரு யோசனை: சிக் என்று தெரிந்தவுடனே போன் பண்ணுங்கள். ராத்திரி எட்டு மணிக்குத் தெரிந்தால் எட்டு மணிக்கே. "காலையில் எப்படி இருக்கிறது என்று பார்ப்போம்" என்று காத்திருந்து மூன்று மணிக்குக் கூப்பிடுவதுதான் எங்களைக் கொல்கிறது. நியாயம் என்று நீங்கள் கேட்டதில் இதுவும் ஒரு பகுதி.


ஷார்ஜா_பாண்டி:

விமானத் துறையில் இல்லை, வருடம் ஒரு தடவை ஊருக்கு வருகிற வளைகுடாக்காரன். எல்லோரும் சளி, காது என்று பேசுகிறீர்கள். ஒரு பயணியாக எனக்கு உறுத்துவது வேறு.

2009 செப்டம்பரில் ஜெட் ஏர்வேஸ் விமானிகள் சங்கம் ஆரம்பித்ததற்காக இரண்டு பேரை நீக்கினார்கள் என்று நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் சிக் போட்டார்கள், ஐந்து நாள் விமானங்கள் நின்றன. 2012 மே மாதம் ஏர் இந்தியா விமானிகள், ட்ரீம்லைனர் (போயிங் 787) விமானப் பயிற்சி யாருக்கு என்கிற தகராறில் சிக் போட்டு ஆரம்பித்தது ஜூலை வரைக்கும் போனது. 2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் கேபின் க்ரூ இருநூறு பேருக்கு மேல் ஒரே நேரத்தில் சிக், எண்பது தொண்ணூறு விமானங்கள் ரத்து. சிலரை வேலையை விட்டுத் தூக்கி, அப்புறம் தொழிலாளர் ஆணையர் முன்னால் பேசி எல்லோரையும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

அந்தக் கடைசிச் சம்பவத்தில் நான் மாட்டவில்லை. ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு நாள் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்று தெரியும். விசா தேதி முடிந்துவிடும், லீவு முடிந்து ஒரு நாள் தாமதமானால் சம்பளம் போகும், சில இடத்தில் வேலையே போகும். அப்பா சாவுக்குப் போகிறவன் முகம் பார்க்காமல் போய்விடுவான். அவர்கள் கோரிக்கை நியாயமாகவே இருக்கலாம். அதை வேலைநிறுத்தம் என்று சொல்லிச் செய்யுங்கள், எங்களுக்கும் முன்னாலேயே தெரியும். உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லிச் செய்தால், நாளைக்கு உண்மையாகவே உடம்பு சரியில்லாதவர் சொல்வதை யார் நம்புவார்கள்?


பழைய_கேப்டன்:

பாண்டி தம்பி கேட்பது நியாயமான கேள்வி. நான் சங்கத்தில் இருந்தவன், அதனால் இதை மழுப்பக் கூடாது.

 இந்தியாவில் விமானிகள் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்காமல் வேலைநிறுத்தம் செய்ய முடியாது, நோட்டீஸ் கொடுத்தாலோ பெரும்பாலும் கோர்ட் தடை வரும். 2012இல் டெல்லி உயர் நீதிமன்றம் தலையிட்டது ஞாபகம் இருக்கும். அதற்கு மேல் 2017இல் வந்த டிஜிசிஏ விதி, வேலையை விட்டுப் போகக் கூட கேப்டன் ஒரு வருடம், துணை விமானி ஆறு மாதம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்கிறது. கடைசி நேரத்தில் ஃப்ளைட் ரத்தாகும்படி விமானிகள் நடந்துகொண்டால் அது பொதுநலனுக்கு எதிரானது என்றும் அதில் எழுதியிருக்கிறது. போராடவும் முடியாது, விட்டுப் போகவும் முடியாது என்றால் மிச்சம் இருக்கிற ஒரே கதவு சிக் லீவ். அதனால்தான் கூட்டம் கூட்டமாக அந்தக் கதவு வழியாகப் போகிறார்கள். காரணம் புரிகிறது. ஆனாலும் நான் அதை ஏற்கவில்லை, சங்கத்தில் இருந்தபோதும் எதிர்த்துத்தான் பேசினேன். சிக் ரிப்போர்ட் என்பது பாதுகாப்புக்கான கருவி. அதைச் சம்பளப் பேரத்துக்குப் பயன்படுத்தினால், நிர்வாகத்துக்கு அதைப் பிடுங்குவதற்கு நாமே காரணம் கொடுத்ததாக ஆகிவிடும்.

அதே நேரத்தில், எண்ணிக்கை கூடினாலே நாடகம் என்று சொல்லிவிடவும் கூடாது. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா 171 விழுந்தது. நான்கு நாள் கழித்து, ஜூன் 16 அன்று, ஏர் இந்தியாவில் 112 விமானிகள் சிக் சொன்னார்கள், 51 கேப்டன்கள், 61 துணை விமானிகள். பிறகு நாடாளுமன்றத்தில் அமைச்சர் சொன்ன கணக்கு இது. செய்தி வந்தபோது சிலர் கேலியாகப் பேசினார்கள். எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. தினமும் கூட உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் எரிந்து போய்விட்டார்கள், அதே வகை விமானத்தில் ஏறி அதே மாதிரி டேக் ஆஃப் பண்ண வேண்டும், கை நடுங்கினால் அது உடம்பு சரியில்லாமல் போவது இல்லையா? அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள்தான் ஒழுங்காக நடந்துகொண்டவர்கள். மனநலத்துக்கெனத் தனிப் பயிற்சியும் சக பணியாளர் ஆதரவுக் குழுவும் வேண்டும் என்று 2023 பிப்ரவரியிலேயே டிஜிசிஏ சுற்றறிக்கை விட்டிருந்தது. காகிதத்தில் இருப்பதை நம்பி ஒருவர் உண்மையைச் சொன்னால், அவரைச் சந்தேகமாகப் பார்க்காமல் இருந்தால் போதும்.

மனநலம் என்றதும் ஜெர்மன்விங்ஸ் 9525 ஞாபகத்துக்கு வருகிறது, 2015 மார்ச் 24, துணை விமானியே வேண்டுமென்றே ஆல்ப்ஸ் மலையில் மோதவிட்ட விமானம், 150 உயிர். அந்தத் துணை விமானிக்கு வேலைக்குப் போகக் கூடாது என்று மருத்துவர்கள் எழுதிக் கொடுத்த சீட்டு இருந்தது, கம்பெனிக்கு அவர் கொடுக்கவில்லை, கிழித்துப் போட்ட சீட்டுகள் வீட்டில் கிடைத்தன. அவர் செய்ததை எதுவும் நியாயப்படுத்தாது. மனநோய் உள்ளவர்களில் கிட்டத்தட்ட யாரும் அப்படிச் செய்வதில்லை, அதனால் இதை வைத்து யாரையும் பயமுறுத்தவும் கூடாது. ஆனால் பிரெஞ்சு விசாரணைக் குழு தன் அறிக்கையில் கவனித்த ஒரு விஷயம் முக்கியம்: லைசென்ஸ் போனால் வருமானம் மொத்தமும் போய்விடும் என்கிற பயம் விமானிகளை நோயை மறைக்க வைக்கிறது, அந்தப் பண இழப்பைக் குறைக்க வழி செய்யுங்கள் என்று பரிந்துரை செய்தார்கள். ஐரோப்பாவில் சக விமானிகள் ஆதரவுத் திட்டம் கட்டாயமானது அதற்குப் பிறகுதான். கோல்கனில் ஹோட்டல் வாடகை, இங்கே லைசென்ஸ், உங்கள் நண்பர்களுக்கு எழுபது லட்சக் கடன். நோயை மறைக்கிறவரைத் திட்டுவதற்கு முன்னால், மறைத்தால்தான் பிழைக்கலாம் என்கிற நிலையை யார் உண்டாக்கினார்கள் என்று கேளுங்கள்.


ரோஸ்டர்_மேசை:

கேப்டன் சார், இதில் ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். எல்லாவற்றையும் நிர்வாகத்தின் மேல் போட்டுவிட முடியாது. கடன் இருக்கிறது என்பதற்காக டைஃபாய்டோடு வருகிறவருக்கும் பொறுப்பு உண்டு. பின்னால் உட்கார்ந்திருக்கிற 180 பேருக்கு அவருடைய இஎம்ஐ பற்றித் தெரியாது, அவர்கள் டிக்கெட் வாங்கும்போது அதற்குச் சம்மதமும் சொல்லவில்லை.


பழைய_கேப்டன்:

சரி, ஒத்துக்கொள்கிறேன். பொறுப்பு இருவருக்கும் உண்டு. ஆனால் சிக் என்று சொல்லும் முடிவின் விலையை அதிகமாக்கி வைத்தவருக்கு அதிகம் என்பதை மட்டும் விட மாட்டேன். 2022இல் ஐரோப்பாவின் விஸ் ஏர் தலைமை அதிகாரி, களைப்பு என்று சொல்லி ஐந்தில் ஒருவர் சிக் போட்டால் தொழில் நடத்த முடியாது, எல்லோருக்கும்தான் களைப்பு, சில நேரம் கூடுதலாக உழைக்கத்தான் வேண்டும் என்கிற மாதிரி ஊழியர்களிடம் பேசியது வெளியே வந்து விமானிகள் சங்கங்கள் கொந்தளித்தன. மேலே இருக்கிறவர் அப்படிப் பேசினால் கீழே பேஸில் இருக்கிற சீனியர் அக்கறைக் குரலில் போன் பண்ணத்தான் செய்வார். தம்பிக்கு வந்த போன் அந்த வகைதான்.


வலது_இருக்கை:

எல்லோருக்கும் நன்றி. டாக்டர் சொன்ன இறங்கும்போது வரும் பிரச்சினையை நான் இவ்வளவு தெளிவாக யோசித்ததில்லை. பாண்டி அண்ணன் கோபமும் புரிகிறது.

இன்னொன்று கேட்க வேண்டும், இதுதான் உண்மையில் எனக்குக் கஷ்டமானது. நான் லீவு போடுவது என் கையில் இருக்கிறது. ஆனால் கேப்டனே உடம்பு சரியில்லாமல் வந்து நின்றால் என்ன செய்வது? மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கண் சிவந்து, "ஒன்றுமில்லை, போகலாம்" என்கிறார். என்னை விட இருபது வருடம் சீனியர், நான் கேப்டனாக அப்கிரேடு ஆவதற்கு அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவரிடம் போய், "சார், நீங்கள் பறக்க வேண்டாம்" என்று நான் எப்படிச் சொல்வேன்?


காது_மூக்கு_தொண்டை:

மருத்துவமாகப் பேசுங்கள், அவருடைய தகுதியைப் பற்றிப் பேசாதீர்கள். "சார், காது திறக்கிறதா, என்ன மாத்திரை போட்டீர்கள்" என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை, நான் பார்த்த நல்ல கேப்டன்கள் அந்தக் கேள்விக்குக் கோபப்பட்டதில்லை. மாத்திரை பெயரைச் சொன்னால் கம்பெனி டாக்டருக்கு ஒரு போன் பண்ணிக் கேட்டுவிடலாம் என்று சொல்லுங்கள். முடிவை டாக்டர் சொல்லட்டும், உங்கள் வாயால் வர வேண்டாம். இன்னொன்று, பறக்கும்போது விமானி முடங்கிப்போவதற்கு அடிக்கடி காரணமாக இருப்பது மாரடைப்பு இல்லை, வயிற்றுப்போக்கும் வாந்தியும்தான். அதனால் மூக்கை மட்டும் பார்க்காமல், வயிறு சரியில்லை என்று அவர் முணுமுணுத்தாலும் கேளுங்கள்.


பழைய_கேப்டன்:

டாக்டர் சொன்னதை முதலில் செய்யுங்கள். பத்தில் ஒன்பது பேர் அதிலேயே கேட்டுக்கொள்வார்கள், சில பேர் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பார்கள் என்பது என் அனுபவம்.

கேட்காத அந்த ஒருவருக்கு: பறப்பதற்கு முன் கூடிப் பேசும் ப்ரீஃபிங் அறையிலேயே பேசுங்கள், விமானத்துக்குள் போய், கதவு மூடிய பிறகு இல்லை. மற்றவர்கள் இல்லாத நேரத்தில், "சார், இன்றைக்கு உங்களோடு பறக்க எனக்குச் சரியாகப் படவில்லை, நான் ஷெட்யூலிங்குக்குச் சொல்லப் போகிறேன்" என்று அவரிடமே முதலில் சொல்லுங்கள். முதுகுக்குப் பின்னால் சொல்லாதீர்கள். சொன்ன பிறகு நடந்ததை அன்றைக்கே எழுதி சேஃப்டி பிரிவுக்கு ரிப்போர்ட் போடுங்கள், பெயரை ரகசியமாக வைக்கும் ரிப்போர்ட் முறை உங்கள் கம்பெனியிலும் இருக்கும். அப்கிரேடு தள்ளிப்போகலாம், போகாது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். என்னிடம் எந்தப் பையனும் ஒரு தடவை கூட அப்படிச் சொன்னதில்லை, ஆனால் என் பக்கத்து இருக்கையில் இருந்தவர்களில் யார் சொல்லக்கூடியவர் என்று எனக்குத் தெரியும், அவர்களோடு ராத்திரி மழையில் இறங்குவதற்கு நான் யோசித்ததே இல்லை.


ரோஸ்டர்_மேசை:

அந்தப் போன் எங்களுக்கு வந்தால், "ஆபரேட்டிங் க்ரூ அன்ஃபிட், மாற்று வேண்டும்" என்று மட்டும் சொல்லுங்கள், யார் என்ன என்று போனில் விளக்க வேண்டாம், பதிவாகும். பெயரும் விவரமும் எழுத்து ரிப்போர்ட்டில் இருக்கட்டும். நாங்கள் ஸ்டேண்ட்பையை எழுப்பிவிடுவோம்.